விற்பவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பள்ளித் தேர்வுகள் முடிந்து மாற்றல் உத்தரவுகள் வரத் தொடங்கியதும் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கணக்கு ஆரம்பமாகிவிடும். எதைக் கூடவே எடுத்துச் செல்வது, எதை விற்றுவிட்டுப் போவது? ஏர் கூலருக்குச் சென்னைப் புழுக்கத்தில் வேலை இல்லை. ரஜாய்களுக்கு அதைவிட வேலை இல்லை. பத்து வருடம் உழைத்த ஃபிரிட்ஜை லாரியில் ஏற்றினால் கூலியே அதன் விலையைத் தாண்டிவிடும்.

முன்பெல்லாம் இவை அடுத்து குடிவரும் குடும்பத்துக்கோ கபாடிவாலாவுக்கோ போகும். இன்று கைபேசியில் நாலு படம் எடுத்து, இணையத்தில் பழைய பொருள்களுக்கான விளம்பரப் பகுதியில் போட்டுவிடுகிறோம். செலவில்லை, அலைச்சலில்லை. அரை மணி நேரத்தில் முதல் அழைப்பு வந்துவிடுகிறது. அந்த முதல் அழைப்பைப் பற்றித்தான் அன்பர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பேரம் பேசாத மனிதர்

எடுத்துக்காட்டாக, நீங்கள் ஃபிரிட்ஜுக்கு எட்டாயிரம் ரூபாய் விலை சொல்லியிருக்கிறீர்கள். அழைப்பவர் மரியாதையாகப் பேசுகிறார். தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், புதிதாக மாற்றலாகித் தில்லி கன்டோன்மென்டுக்கு வந்திருப்பதாகவும், ட்யூட்டியை விட்டு வர முடியாததால் ஆளும் வண்டியும் அனுப்புவதாகவும் சொல்கிறார். சீருடையில் ஒரு புகைப்படமும் ராணுவ அடையாள அட்டையின் படமும் உங்கள் வாட்ஸப்பில் வந்து விழுகின்றன. மனம் இளகாமல் என்ன செய்யும்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உண்மையாக வாங்க வருகிறவர் கம்ப்ரஸர் மாற்றியதா, கதவின் ரப்பர் சரியாக இருக்கிறதா என்று கேட்பார். ஐந்நூறு ரூபாயாவது குறைக்கப் பார்ப்பார். கறிவேப்பிலைக் கொத்துக்குக்கூடப் பேரம் நடக்கும் ஊர் இது. இங்கே பொருளைப் பார்க்காமலே, கேட்ட விலைக்குச் சரி என்று சொல்கிறவரிடம் தான் எச்சரிக்கை தேவை. அவருக்கு உங்கள் ஃபிரிட்ஜ் வேண்டாம்.

அடுத்து முன்பணம் என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்புவார். "இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறிவிடும்" என்பார். முதலில் நம்பிக்கைக்காக ஒன்றோ ஐந்தோ ரூபாய் உண்மையாகவே அனுப்பியும் காட்டுவார். தூண்டிலில் புழு வைப்பது மீனுக்கு விருந்து வைக்கவா? அடுத்த கோடில் நீங்கள் பின் நம்பரைப் போட்டதும் எட்டாயிரம் ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். பதறி அழைத்தால், "தவறு நடந்துவிட்டது, திருப்பி அனுப்புகிறேன்" என்று இன்னொரு கோடு வரும். அதையும் ஸ்கேன் செய்தால் இன்னொரு எட்டாயிரம்.

பின் நம்பரின் வேலை

யூபிஐ முறை 2016-ஆம் ஆண்டு வந்தது. கீரைக்காரர் வரை பரவிவிட்ட போதிலும், அதன் அடிப்படை விதி ஒன்று பலர் மனத்தில் பதியவில்லை. பின் நம்பர் என்பது நம் கணக்கிலிருந்து பணம் எடுக்க நாமே போடும் கையெழுத்து. இருப்பைப் பார்க்கவும் அது தேவைப்படும். பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை. க்யூஆர் கோடு என்பது பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற விலாசம். சில சமயம் தொகையும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். ஸ்கேன் செய்கிறவர் கொடுப்பவர், கோடைக் காட்டுகிறவர் வாங்குபவர். கடையில் அப்படித்தானே செய்கிறோம்? கடைக்காரர் நம் கைபேசியை ஸ்கேன் செய்து தம் பின் நம்பரைப் போட்டா பணம் பெறுகிறார்?

முன்பு இதே மோசடி, "பணம் கேட்கும் கோரிக்கை" அனுப்பும் வசதியின் வழியாகவும் நடந்தது. தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை முறையை, யூபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. ஒரு வாசல் அடைபட்டது. க்யூஆர் கோடு, போலி இணைப்பு ஆகிய வாசல்கள் திறந்தே இருக்கின்றன.

வேடங்கள் பல

"எட்டாயிரத்துக்குப் பதில் கை தவறி எண்பதாயிரம் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பது ஒரு வகை. உங்கள் கைபேசிக்கு வங்கி அனுப்பியது போலவே குறுஞ்செய்தியும் வந்திருக்கும். அதை அனுப்பியவர் அவரே. பணம் சேர்ந்துவிட்டதாகப் பச்சை நிறத்தில் படம் காட்டும் போலிச் செயலிகளும் உண்டு. வாசலில் வந்து அதைக் காட்டிவிட்டுப் பொருளோடு கிளம்பிவிடுவார்கள். "கன்டோன்மென்ட் கேட் பாஸுக்கு முதலில் நீங்கள் கட்டுங்கள், பிறகு சேர்த்துத் தருகிறோம்" என்பது மற்றொன்று. திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வது எல்லாவற்றிலும் அபாயம். அதன்பின் நீங்கள் தட்டுவதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் மருந்து ஒன்றுதான். செய்தியையும் படத்தையும் நம்பாமல், நம் வங்கிக் கணக்கை நாமே திறந்து இருப்பைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். விற்பவர் எந்தக் காரணத்துக்காகவும் பணம் கட்டக் கூடாது.

படிக்காதவர்கள்தாம் ஏமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரியில், அப்போது தில்லி முதலமைச்சராக இருந்த அரவிந்த் கேஜ்ரிவாலின் மகளே இணையத்தில் ஒரு சோபாவை விற்க முயன்று 34,000 ரூபாய் இழந்தார். முதலில் சிறு தொகை வந்தது. பிறகு ஒரு க்யூஆர் கோடில் 20,000 போயிற்று, அடுத்ததில் 14,000 போயிற்று. முதலமைச்சர் வீட்டுக்கே இந்தக் கதி.

இது ஏதோ ஒரு தனி ஆளின் கைவரிசையும் அல்ல. தில்லியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள மேவாத் வட்டாரத்தில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2023 ஏப்ரலில் ஹரியானா காவல்துறை சுமார் 5,000 பேரோடு நூ மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஒரே இரவில் சோதனை நடத்தியது. ஒருவர் பேச, ஒருவர் போலி சிம் கார்டு வாங்க, ஒருவர் வங்கிக் கணக்கை வாடகைக்குப் பிடிக்க, இன்னொருவர் ஏடிஎம்மில் பணம் எடுக்க என்று வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது இத்தகைய கும்பல்களின் வழக்கம்.

பணம் போய்விட்டால்

முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது தேசிய சைபர் குற்ற உதவி எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகாரைப் பதியலாம். புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வங்கிக்கு மாறியிருந்தால் தகவலும் பின்தொடரும். திருடனும் தகவலும் ஓடும் பந்தயம் இது. இரவு அழுதுவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பணம் ஏடிஎம்மிலிருந்து வெளியேறியிருக்கும்.

உடனே உங்கள் வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டம், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சேரும் என்றும், தெரிவித்த பிறகு நேர்வது வங்கியைச் சேரும் என்றும் வகுத்தது. பின் நம்பரை நாமே போட்டிருக்கும்போது, தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நம் கணக்கில்தான். உரையாடல், எண், க்யூஆர் கோடு, குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். அவையே சாட்சி. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மொழியும் வெட்கமும்

வெளியூரில் வாழும் நமக்கென்று இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று மொழி. முப்பது ஆண்டு இங்கே இருந்தும், வேகமான ஹிந்தியில் ஒருவர் "ஜல்தி கீஜியே" என்று விரட்டினால் நம் பெரியவர்கள் பலருக்குக் குறுக்கே கேள்வி கேட்க வாய் வராது. புரியாததைப் புரிந்ததுபோல் "ஹாங் ஜி" என்று தலையாட்டுவார்கள். அந்த அவசரமே மோசக்காரனின் மூலதனம். "நாளை நேரில் வாருங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லப் பெரிய ஹிந்தி தேவையில்லை.

மற்றொன்று வெட்கம். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்தால் ஏசுவானே என்று மறைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அப்பா தொலைபேசியில் இந்தச் செய்தியைச் சொல்லும்போது, "இதுகூடத் தெரியாதா?" என்று தொடங்காதீர்கள். "1930-க்குச் சொல்லியாயிற்றா?" என்று கேளுங்கள். ஹிந்தியில் புகார் சொல்லத் தயங்கும் பெரியவருக்குப் பக்கத்து வீட்டுத் தமிழர் பத்து நிமிடம் துணை இருந்தால் போதும். போன பணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஆள் கிடைக்கவில்லை என்ற குறை நம் சங்கத்து அன்பர் எவருக்கும் நேரக் கூடாது.