கல்விச் சுற்றுலாவும் நெடுந்தீவும்

எமது கல்லூரிகளிலே ஆண்டுக்கொருமுறை கல்விச் சுற்றுலா என்றொரு சடங்கு நடைபெறுவதை வாசகர்கள் அறிவர். சடங்கு என்று நாம் சொல்வது வேண்டுமென்றேதான். பஸ் வண்டியிலே பாட்டுப் பாடுவதும், கட்டிச் சென்ற சோற்றை மரநிழலில் உண்பதும், மாலையிற் களைத்துத் திரும்புவதுமாக அது முடிந்துவிடுகின்றது. போய் வந்த ஊருக்கு அதனால் யாது பயன் என்று எவரும் கேட்பதில்லை. நாமும் பல்லாண்டுகளாகக் கேட்டதில்லை. அக்கேள்வியை எமக்குக் கற்பித்தது நெடுந்தீவு.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்து, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகிற் செல்லவேண்டும். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. அவையெல்லாம் வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்னும் பெயரோ ஆங்கிலத்தில் இன்றும் நின்று நிலவுகின்றது. சரித்திர பாடத்தைத் தொடங்குவதற்கு இதனிலும் நல்ல இடம் வேறில்லை.

சாந்து பூசாது அடுக்கிய பவளக்கல் மதில்கள், அந்நியர் காலக் கோட்டையின் சிதைவுகள், ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்குமரம் ஆகியன அங்கு காணத்தக்கவை. எனினும் மாணாக்கர் தேடிச் செல்வது குதிரைகளையே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொணர்ந்தவற்றின் வழித்தோன்றல்கள் அவை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் அதிகாரியும் அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். 2015 ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

நாம் முதன்முறை 62 மாணாக்கருடன் சென்றது ஓர் ஆவணி மாதத்தில். கொடும் வெயில். உணவைக் கொண்டுசென்ற நாம் போதிய தண்ணீரைக் கொண்டுசென்றோமல்லோம். நண்பகலில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்து தண்ணீர் கேட்டோம். முற்றத்திலே கடகம் இழைத்துக்கொண்டிருந்த மூதாட்டி இரண்டு குடங்களையும் எடுத்து வந்து வைத்தார். பிள்ளைகள் குடித்து முடித்தனர். பின்னர் அவர் சொன்னார்: "மாஸ்டர், எல்லாரும் வருகினம், தண்ணி கேக்கினம், குடிச்சிட்டுப் போகினம். இந்தக் கடகத்தை ஒருத்தரும் என்னவெண்டு கேட்டதில்லை." அவர் குரலிற் கோபம் இருக்கவில்லை. அக்குடங்களை நிரப்ப அவர் பேத்தி நெடுந்தூரம் நடந்து செல்லவேண்டுமென்பதைப் படகேறும்போதுதான் அறிந்தோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுமுறை மாசி மாதத்திற் சென்றோம். மாரி மழையிற் புல் தழைத்து, குதிரைகளும் செழித்திருந்த காலம் அது. குடிநீர் முழுவதையும் எம்முடன் எடுத்துச் சென்றோம். மதிய உணவை அவ்வூர்ப் பெண்கள் சிலர் சமைத்துத் தருவதென முன்னரே கடிதமூலம் ஒழுங்கு செய்திருந்தோம். மீன்குழம்பும் முருங்கையிலை வறையும் என்றதும், சைவ உணவினர் எத்தனை பேர் என்று அவர்களே திருப்பிக் கேட்டெழுதினர்! கல்லூரி வகுப்பறைகளுக்கு வேண்டிய கடகங்களையும் பெட்டிகளையும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி வைத்தோம். தானமாக எதுவும் கொடுக்கவில்லை. செய்த வேலைக்குரிய விலையைக் கொடுத்தோம். ஒரு நாள் வருவாய் குடும்பத்தை உயர்த்திவிடாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஆண்டுதோறும் பல கல்லூரிகள் இவ்வண்ணம் செய்யுமாயின் பனையோலை வேலையைக் கைவிட நினைப்போர் சற்றுத் தயங்கக்கூடும். கூட்டம் அளவுக்கு மிஞ்சினால் குதிரைக்கும் கேடு, கிணற்றுக்கும் கேடு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வழிகாட்டிகளாக வந்தவர்கள் அத்தீவுப் பாடசாலைப் பிள்ளைகள். கடல் கொந்தளித்தால் சில ஆசிரியர்கள் வந்துசேராத நாட்கள் அவர்களுக்குண்டு. அப்பிள்ளைகள் மதிலில் எந்தக் கல்லை எதன்மேல் வைப்பதென்று காட்டினர். எம்மவர் வைத்த கல் மூன்று முறை சரிந்தது. மாலையில், நாம் கொண்டுசென்ற நுணுக்குக்காட்டியைச் சூழ்ந்து நின்றவேளை, ஒரு சிறுமி கேட்டாள்: "சேர், கோடையில மட்டும் கிணத்துத் தண்ணி ஏன் உவர்க்குது?"

எமது மாணாக்கர் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பரீட்சையில் அதி விசேட சித்தி பெற்றவர்களும் மௌனமாயினர். திரும்பி வந்து நூல்களைப் புரட்டி, படம் வரைந்து, பத்து நாட்களின் பின் விடையை அனுப்பினர். சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கும் மழைநீர், பாரங்கூடிய உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதக்கின்றது; மழையற்ற காலத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அப்படை மெலிந்து, அடியிலுள்ள உவர் மேலெழுகின்றது. புவியியல் வகுப்பில் நாம் பலமுறை கூறிய செய்திதான். ஆயினும் அப்போதுதான் அது அவர்களுக்குப் பாடமாயிற்று.

சுற்றுலா ஒருவழிப் பயணமாதல் தகாது என்று அதன்பின் தீர்மானித்தோம். சென்ற முறை அத்தீவுப் பிள்ளைகள் 20 பேர் காலைப் படகில் இங்கு வந்தனர். அவர்களுக்கு உணவு எம் மாணாக்கரின் இல்லங்களில். "கடற்குளிப்பு இல்லாத சுற்றுலாவும் ஒரு சுற்றுலாவா" என்று முன்னர் குறைகூறிய தந்தை ஒருவரே நால்வரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்!

அச்சிறுமி தன் வீட்டுக் கிணற்று நீரை ஒரு போத்தலில் கொண்டு வந்திருந்தாள். ஆய்வுகூடத்தில் அதனைக் காய்ச்சி வற்றச் செய்தோம். தட்டில் எஞ்சிய வெண்ணிறப் படிவைச் சுரண்டிக் கடதாசியில் மடித்து, ஆச்சிக்குக் காட்டவேண்டுமென்று கூறி, மாலைப் படகுக்கு எடுத்துச் சென்றாள்.