ஏலக்காய் விலையும் பேராசிரியரின் எக்செல்லும்

இடுக்கி மலையில் விளைந்து போடிமெட்டு வழியாக இறங்கும் ஏலக்காய், போடிநாயக்கனூர் ஏல மையத்தில் கணினித் திரையில்தான் விலைபோகிறது. கேரளத்துப் புற்றடியிலும் இதே மின்னணு ஏலம்தான். வந்த காய் எத்தனை கிலோ, விற்றது எவ்வளவு, உச்ச விலை, சராசரி விலை என்ன என்று ஒவ்வொரு ஏலத்தின் கணக்கையும் ஒன்றிய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் போட்டுவிடுகிறது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் வணிகவியல், பொருளியல் பேராசிரியர்களுக்கு வாசலிலேயே கிடக்கும் தரவு இது.

அதைக் கையாள்வதில்தான் டிஜிட்டல் திறன் தெரியும். ஒரே நாளில் இரண்டு ஏலம் நடப்பதுண்டு. ஒன்றில் 20,000 கிலோ சராசரி 2,500 ரூபாய்க்கும், மற்றதில் 60,000 கிலோ 2,700 ரூபாய்க்கும் விற்றதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 2,600. விற்ற எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2,650. கிலோவுக்கு 50 ரூபாய் பிசகினால் ஆய்வு முடிவே தடம் மாறும். எக்செல்லைத் திறக்கத் தெரிந்தவர் பலர். இதைக் கவனிப்பவர் சிலரே.

அடுத்தது, முந்தைய ஆய்வுகளைப் படிப்பது. ஆய்விதழ்களைப் படிக்க வழிசெய்யும் ஒன்றிய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். ஆனால் இது அரசு நிறுவனங்களுக்கானது. சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

எங்கே பிரசுரிப்பது என்பது இன்னும் வில்லங்கமானது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு வந்த ‘கேர்’ பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இதழைச் சோதிக்கும் பொறுப்பு இப்போது கல்லூரிக்கும் ஆசிரியருக்கும்தான். “பணம் கட்டுங்கள், மூன்றே நாளில் பிரசுரம்” என்று மின்னஞ்சல் வந்தால் இதழின் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துகிறார்கள். அந்த இதழின் பழைய கட்டுரை ஒன்றின் அடையாளமான டிஓஐ எண்ணைத் தேடலில் இட்டு, அது மின்னஞ்சல் காட்டும் தளத்துக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். போலித் தளங்களின் பட்டியலை ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ என்ற இணையதளம் இலவசமாகவே வைத்திருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் சிலர் போலி இதழுக்குப் பணம் கட்டுகிறார்கள். காரணம், மானியக் குழுவின் 2018 விதிமுறையில் உள்ள ஆய்வு மதிப்பெண் அட்டவணைப்படி வணிகவியலில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி. பத்தாண்டு ஏல விலையைப் பிழை நீக்கி, எல்லோரும் எடுத்தாளும்படி ஒருவர் பொதுவில் வைத்தால் அதற்கென அந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.