குட்டி நாயின் கடிபொம்மைக்குள் என்ன அடைக்கிறீர்கள்?

போன வாரம் வந்த லாப்ரடார் குட்டிக்கு மூன்றரை மாத வயது. மூன்று நாளாக வாந்தி, குடித்த தண்ணீரும் தங்கவில்லை. மேசைமேல் நிறுத்தினால் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. "என்னம்மா சாப்பிட்டுச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டாக்டர், ரப்பர் பொம்மைக்குள்ள சிக்கன் வச்சுக் கொடுத்தோம், அவ்வளவுதான்" என்றார். அந்தப் பொம்மையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தால், வாய்ப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ரப்பரைக் காணோம். வீட்டில் முதல் நாளே அதைக் கவனித்திருக்கிறார்கள். அன்று உப்புத் தண்ணீர், மறுநாள் விளக்கெண்ணெய், அதற்கடுத்த நாள் வீட்டிலிருந்த வாந்தி மாத்திரையில் பாதி என்று கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். குடலைத் திறந்துதான் துண்டை எடுக்க வேண்டியிருந்தது. குட்டி பிழைத்துக்கொண்டது. முதல் நாளே வந்திருந்தால் கத்தி வைக்காமலே முடிந்திருக்க வாய்ப்பு இருந்தது.

உணவு அடைத்துக் கொடுக்கும் இந்தப் பொம்மைகளோடு வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். முதல்முறை குட்டி வாங்கி அடுக்குமாடியில் வளர்ப்பவர்கள்தான் பெரும்பாலோர். பொம்மைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர் வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்ட் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஃபோக்ஸ்வாகன் வண்டியிலிருந்து கழற்றிய ரப்பர் பாகம் ஒன்றை அது விரும்பிக் கடிப்பதைப் பார்த்து அவர் உருவாக்கியதுதான் 'காங்' பொம்மை. 1976இல் தொடங்கிய நிறுவனம் அது. பல்லைக் காப்பாற்றப் பிறந்த பொருள், தப்பான அளவிலும் தப்பான உணவோடும் போய்ச் சேர்வதுதான் பிரச்சினை.

இந்த நம்பிக்கைகளை விட்டுவிடுங்கள்

"கெட்டியா இருந்தா ரொம்ப நாள் உழைக்கும் டாக்டர்" என்பதை வாரம் தவறாமல் கேட்கிறேன். குட்டிக்கு இருக்கும் 28 பால் பற்களும் ஊசிபோல மெலிந்தவை. நான்கு மாத வாக்கில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை குட்டிகளுக்கென்று விற்கும் மிருதுவான ரப்பர்தான் சரி. கடையில் வாங்கும்போதே கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமும் பதியவில்லையென்றால் அது குட்டிக்கு வேண்டாம். மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, கொட்டாங்குச்சி எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். கொட்டாங்குச்சி சில்லுச் சில்லாக உடைந்து ஈறைக் கிழித்து வந்த குட்டிகளுக்குத் தையல் போட்டிருக்கிறேன்.

"எலும்பை உள்ள வச்சா கால்சியம் சேரும்" என்பது அடுத்தது. வெந்த எலும்பு நீளவாக்கில் கூராகப் பிளக்கும். பொம்மையின் துளைக்குள் சிக்கிய எலும்பைக் குட்டி இழுக்க இழுக்க முனை இன்னும் கூராகும். கால்சியத்துக்கு, குட்டிகளுக்கான தரமான தீவனத்தில் இருப்பதே போதும். பெரிய இனக் குட்டிகளுக்குக் கூடுதலாகக் கால்சியம் ஏற்றினால் எலும்பு வளர்ச்சியே கோணலாகப் போகும். கால்சியம் டானிக்கைப் பொம்மைக்குள் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

மீந்த பிரியாணியையும் சிக்கன் குழம்புத் துண்டையும் அடைப்பது நம் வீடுகளுக்கே உரிய பழக்கம். குழம்பில் வெங்காயமும் பூண்டும் கரைந்திருக்கும். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும். அதனால் காரணத்தை யாரும் குழம்போடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பண்டிகை முடிந்தால் கேசரியும் பாயசமும் பொம்மைக்குள் போகின்றன. அவற்றிலுள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவே இன்னொன்றை வீழ்த்திவிடும். 'நாலஞ்சுதானே' என்ற கணக்கு இங்கே செல்லாது.

வேர்க்கடலை வெண்ணெய் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் அதைத்தான் தடவுகிறார்கள். சர்க்கரை இல்லாத வகைகள் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கப்படுகிறது. மனிதனுக்கு அது ஒன்றும் செய்யாது. நாயின் உடலோ அதற்கு இன்சுலினைக் கொட்டித் தீர்க்கும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து குட்டி தள்ளாடும், வலிப்பு வரும். கல்லீரலும் போகலாம். லேபிளில் பொருள்பட்டியல் முழுவதையும் படியுங்கள். 'பிர்ச் சுகர்' என்று எழுதியிருந்தாலும் அது சைலிட்டால்தான்.

பால் ஊற்றிக் குளிரவைத்துக் கொடுத்தால் பல குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டுவிடும். தாயை விட்டு வந்தபின் மாட்டுப்பாலைச் செரிக்கும் திறன் குறைந்துகொண்டே வரும். ஒரு கரண்டி உப்பில்லாத தயிர் அதைவிட நன்றாக ஒத்துக்கொள்ளும்.

இறுக்கி அடைத்தால் நெடுநேரம் சத்தம் போடாமல் இருக்கும் என்பதும் தப்பு. எட்டு வாரக் குட்டிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உணவு வெளியே வரவில்லையென்றால் ஒன்று சலித்துப்போகும், இல்லாவிட்டால் ரப்பரையே மெல்லத் தொடங்கும். நான் தொடக்கத்தில் சொன்ன குட்டிக்கு நடந்தது அதுதான்.

எப்படி அடைப்பது?

உங்கள் குட்டியின் ஒரு நாள் உணவைக் காலையிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்குள் போவது அந்த அளவிலிருந்தே எடுத்ததாக இருக்கட்டும். கிண்ணத்தில் ஒரு வயிறு, பொம்மையில் ஒரு வயிறு என்று இரண்டு வயிற்றுக்குச் சாப்பாடு போட்டால் ஆறு மாதத்தில் குட்டி உருண்டுவிடும். லாப்ரடார் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த இனத்தில் ஏறக்குறைய கால்வாசி நாய்களுக்குப் பசி அடங்காதபடி ஒரு மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்திருக்கிறார்கள்.

முதல் சில நாள், பெரிய துளை வழியாக உலர்தீவனத்தை அப்படியே போட்டு, விளிம்பில் தயிரைத் தடவிக் கொடுங்கள். உருட்டினால் கொட்ட வேண்டும். 'தட்டினால் கிடைக்கும்' என்று குட்டி கற்றுக்கொண்டதும் வெந்நீரில் ஊறிய தீவனத்தோடு மசித்த மஞ்சள் பூசணி, உதிர்த்த வெந்த முட்டை, உப்பும் மசாலாவும் சேராத வேகவைத்த கோழி என்று எதையாவது கொஞ்சம் பிசைந்து தளர்வாக நிரப்பலாம். பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் அளவு போதும். அதற்குப் பிறகுதான் ஃப்ரீசர். பல் முளைத்து ஈறு ஊறும் மாதங்களில் அந்தக் குளிர்ச்சி குட்டிக்கு நல்ல சுகம்.

பொம்மையில் இரண்டு துளைகள் இருக்க வேண்டும், சின்னத் துளையை எதை வைத்தும் அடைக்கக் கூடாது. ஒரே துளை உள்ள பொம்மைக்குள் நாக்கை விட்டு நக்கும்போது உள்ளே காற்று குறைந்து நாக்கை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நாக்கு வீங்கினால் பிறகு வெளியே வராது. பொம்மை கடைவாய்க்குப் பின்னால் போகிற அளவு சிறியதாகவும் இருக்கக் கூடாது. குட்டி வளர வளர மாதம் ஒருமுறை அளவைப் பாருங்கள்.

பொம்மை வாங்க வசதியில்லையா? பழைய இட்லித் தட்டைத் தரையில் வைத்து ஒவ்வொரு குழியிலும் தயிர் பிசைந்த தீவனத்தைப் பூசுங்கள். குட்டி நக்கி நக்கித் தின்னும், விழுங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலைவிட, முடிச்சுப்போட்ட சாக்ஸைவிட எனக்கு இது எவ்வளவோ மேல்.

நம் ஊர் வெயிலில் அடைத்த பொம்மை ஒரு மணி நேரத்திலேயே எறும்பு மொய்த்துப் புளித்துவிடும். மீதியை எடுத்துக் கொட்டிவிட்டு, பால்பாட்டில் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்துக் கழுவுங்கள்.

பறிக்காதீர்கள்

குட்டி எதையாவது கவ்வியதும் வீடே கத்திக்கொண்டு துரத்தும். பயத்தில் அது அப்படியே விழுங்கிவிடும். நான் எடுத்த சாக்ஸ்களில் பாதி இப்படி உள்ளே போனவைதான். கோழித் துண்டு ஒன்றைக் காட்டுங்கள், தானே போட்டுவிடும். பறிக்கப்போய்க் கடி வாங்கினால் குட்டிதானே என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

விழுங்கிவிட்டால்

உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாந்தி வராவிட்டால் அந்த உப்பு முழுக்க ரத்தத்தில் ஏறும், குட்டி அதிலேயே செத்துப்போகலாம். எண்ணெய் அடைப்பைத் தள்ளாது. புரையேறினால் நுரையீரலுக்குத்தான் போகும். குடல் அடைபட்டிருக்கும்போது வாந்தி மாத்திரையும் பேதி மாத்திரையும் அடைப்பை மறைத்து நாளைக் கடத்தும். பாரசிட்டமாலும் ஐபுப்ரூஃபனும் நாய்க்கு விஷமாகும் அளவு மிகக் குறைவு. "வயித்தைக் காயப்போட்டோம்" என்று ஒரு நாள் பட்டினி போட்டு வருகிறார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு அந்தப் பட்டினியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் அறுந்துபோகும்.

இன்னொன்று: தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் கண்டால் அது பார்வோ வைரஸ் நோயாகவும் இருக்கலாம். பொம்மைமேல் பழி போட்டுக் காத்திருந்தால் ஒரே நாளில் கைமீறிப் போகும்.

நீங்கள் வந்ததும் எக்ஸ்ரே எடுப்போம், தேவைப்பட்டால் ஸ்கேன். ரப்பர் எக்ஸ்ரேயில் எப்போதும் தெரியாது, அதனால் கடித்த பொம்மையின் மீதியையும் தீவனப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் பல சமயம் ஓர் ஊசியிலேயே வெளியே வரவைத்துவிடலாம். சைலிட்டாலோ திராட்சையோ என்றால் குட்டி ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். முதல் ஒரு மாதம், பொம்மை குட்டியின் வாயில் இருக்கும்வரை நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். வெளியே கிளம்பும்போது அதை எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். இன்று ராத்திரி அதைக் கழுவும்போது ஒரு நிமிடம் விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். பல் பட்ட இடத்தில் வெடிப்போ, பிய்ந்த ஓரமோ தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் குப்பையில் போடுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் இருந்தால், அது நடுராத்திரியாக இருந்தாலும், மருந்துப்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.