குழும நிதி அறிக்கையில் கட்டுப்பாட்டுரிமை: ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்தின் பங்குகளில் பாதிக்கு மேல் வைத்திருந்தால் முன்னது தாய் நிறுவனம். பின்னது துணை நிறுவனம். வணிகவியல் வகுப்பில் இவ்வாறு கற்பிப்பது நெடுநாள் வழக்கம். இவ்விளக்கம் பெரும்பாலும் பொருந்துமாயினும் முழுமையானதன்று. அனைத்துலக நிதி அறிக்கையிடல் தரங்களின்படி குழுமத்தின் எல்லையை வகுப்பது பங்குடைமையின் அளவு அன்று; கட்டுப்பாட்டுரிமையே ஆகும். இவ்வேறுபாட்டையும் அதன் விளைவையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டப் பார்வையும் கணக்கியல் பார்வையும்

நிறுவனம் என்பது அதன் பங்குதாரரினின்றும் வேறான சட்டமுறை ஆள் என்னும் கொள்கையை, இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை 1896ஆம் ஆண்டில் சாலமன் வழக்கில் உறுதிப்படுத்தியது. எனவே, சட்டத்தின் பார்வையில் தாயும் துணையும் இரு வேறு ஆட்கள். குழும நிதி அறிக்கையோ அவற்றை ஒரே பொருளியல் அலகாகக் காண்கிறது.

சான்றாக, தாய் நிறுவனம் 8 மில்லியன் ரிங்கிட் அடக்கவிலையுள்ள சரக்கைத் துணை நிறுவனத்திற்கு 10 மில்லியனுக்கு விற்பதாகக் கொள்வோம். ஆண்டிறுதியில் அச்சரக்கு முழுவதும் துணை நிறுவனத்தின் கிடங்கிலேயே உள்ளது. தாயின் தனிக் கணக்கு 2 மில்லியன் இலாபம் காட்டும். குழுமக் கணக்கில் அவ்விலாபம் நீக்கப்பட்டுச் சரக்கு 8 மில்லியனாகவே பதிவாகும். வலக்கைப் பொருளை இடக்கைக்கு மாற்றுவதால் எவரும் செல்வராவதில்லை.

எல்லை பிழைபட்டால்

எந்த நிறுவனம் குழுமத்தினுள் அடங்கும் என்பதே, ஆதலால், முதல் வினா. அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் இதற்குத் தக்க சான்று. அக்காலத்து அமெரிக்க விதிகளின்படி, தனி நோக்க அமைப்பொன்றின் முதலீட்டில் குறைந்தது 3 விழுக்காடு வெளியாருடைய உண்மையான இடர்முதலாக இருந்தால், பிற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதனைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். செவ்கோ என்னும் அமைப்பு அந்த அளவையும் எட்டவில்லை. எனினும் கணக்கிற்கு வெளியே நிறுத்தப்பட்டது. 2001 நவம்பரில் செவ்கோ உள்ளிட்ட அமைப்புகளைச் சேர்த்துக் கணக்குகள் திருத்தப்பட்டபோது, 1997 முதல் அறிவிக்கப்பட்டிருந்த இலாபத்தில் ஏறத்தாழ 600 மில்லியன் டாலர் குறைந்தது. மறைந்திருந்த கடனும் வெளிப்பட்டது. 2001 டிசம்பர் 2ஆம் நாள் என்ரான் நொடிப்புப் பாதுகாப்பு கோரியது. விழுக்காட்டை மட்டும் அளவுகோலாக்கினால் அதனைச் சுற்றி வழி வகுக்க இயலும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

தரம் 10 கூறும் மூன்று கூறுகள்

2011 மே மாதம் வெளியிடப்பட்ட அனைத்துலக நிதி அறிக்கையிடல் தரம் 10, 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மலேசியா அதே நாளிலும் சிங்கப்பூர் 2014 ஜனவரியிலும் இதற்கிணையான தரங்களை நடைமுறைப்படுத்தின. இத்தரத்தின்படி கட்டுப்பாட்டுரிமைக்கு மூன்று கூறுகள் ஒருங்கே அமைய வேண்டும்: மற்ற நிறுவனத்தின் முக்கியச் செயல்களை நெறிப்படுத்தும் அதிகாரம், அதன் ஆதாய இழப்புகளில் மாறுபடும் பங்கு, அப்பங்கின் அளவை மாற்ற அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தும் ஆற்றல்.

தரத்திலேயே இடம்பெறும் இரு எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவாக்கும். முதலாவதில், ஒருவரிடம் 48 விழுக்காட்டு வாக்குரிமை உள்ளது. எஞ்சியது ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. எவரிடமும் 1 விழுக்காட்டிற்கு மேல் இல்லை. அவர்கள் கலந்து முடிவெடுக்கும் ஏற்பாடும் இல்லை. இங்கு அதிகாரம் அவ்வொருவருக்கே உண்டு. இரண்டாவதில், ஒருவரிடம் 45 விழுக்காடு உள்ளது. வேறு இருவரிடம் தலா 26 விழுக்காடு உள்ளது. ஏனைய மூவரிடம் தலா 1 விழுக்காடு உள்ளது. அவ்விருவர் இணைந்தாலே 52 விழுக்காடாகி அவரைத் தடுக்க இயலும். ஆதலால் அவருக்கு அதிகாரம் இல்லை. இரண்டிலும் பங்கு பாதிக்குக் குறைவே, முடிவோ நேர்மாறானது.

கலைச்சொல் குறித்து

இவ்விடத்தில் கலைச்சொல் தேர்வும் கருதத்தக்கது. 'கட்டுப்பாடு' என்னும் சொல் அன்றாட வழக்கில் ஒழுங்கையும் தடையையும் உணர்த்துகிறது. தரம் கருதுவதோ கைவசமுள்ள உரிமையை. அதனை இதுவரை பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. 'கட்டுப்பாட்டுரிமை' என்னும் ஆட்சி இப்பொருளை மாணவர்க்கு எளிதில் புலப்படுத்தும்.

முடிவுரை

குழும நிதி அறிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. துணை நிறுவனத்திற்குக் கடன் கொடுத்தவர், குழுமத்தின் மொத்தச் சொத்தைக் கண்டு அமைதியுற இயலாது. உத்தரவாதம் போன்ற தனி ஏற்பாடு இல்லாதவிடத்துத் தாய் நிறுவனம் அக்கடனுக்குப் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. சாலமன் தீர்ப்பு வகுத்த வேலி அங்கு நிற்கவே செய்கிறது. ஆகவே, குழும அறிக்கையையும் தனி அறிக்கையையும் இணைத்தே படிக்க மாணவரைப் பழக்குதல் வேண்டும். பாதிக்கு மேல் உள்ளதா என்று கேட்பதோடு அமையாமல், முடிவெடுக்கும் உரிமை எவரிடம் உள்ளது என்று வினவப் பயிற்றுவதே இப்பாடத்தின் பயனாகும்.