நோன்பு திறந்ததும் கை ஏன் பீடியைத் தேடுகிறது?

றமழான் மாதத்தில் கல்முனைக்குடியின் மாலைப்பொழுதைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பீடியைத் தொடாதிருந்த மனிதர், வாங்கு ஒலித்து, கஞ்சி குடித்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலெடுத்ததும் தீப்பெட்டியைத் தேடுகிறார்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வீட்டைக் கொண்டுபோனபின் வேறிடத்தில் குடியேறிய விவசாயி ஒருவர் எம்மிடம் சொன்னார்: "பகல் முழுக்க அந்த நினைப்பே வாறல்ல ஃபாதர். தேத்தண்ணி வாய்ல பட்ட உடன கை தன்னால மடிக்குப் போகுது."

ஒருமுறை நோன்போடு பீடியையும் முற்றாக விட்டார். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். அறுவடைக்காக வட்டைக்குப் போய் வாடியில் இராத்தங்கிய அன்று மீண்டும் பற்றவைத்தார். "என்ட ஈமான் பலமில்ல போல" என்று தலைகுனிந்தார். "அப்படியில்லை காக்கா" என்றோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

புகையிலையிலுள்ள நிக்கொட்டின், புகையை இழுத்த சில விநாடிகளில் மூளையை அடைகிறது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்திலுள்ள அளவு பாதியாகிறது. பழகிய உடல் அதைக் கேட்கும்போது எரிச்சல், அமைதியின்மை, நித்திரைக் குழப்பம் உண்டாகின்றன. விட்ட முதற் சில நாட்களில் இவை உச்சமடைந்து, சில கிழமைகளில் தணிகின்றன. இது ஒருவகை ஆசை.

மற்றது பார்த்ததும் கேட்டதும் மணந்ததும் மூட்டும் ஆசை. தேத்தண்ணி, தீக்குச்சி உரசும் ஓசை, நண்பனின் புகை, வாடியின் இருட்டு ஆகியவற்றோடு பீடி பல்லாயிரம் தடவை சேர்ந்திருந்ததால், அவற்றைக் கண்டதும் மூளை பீடியை எதிர்பார்க்கிறது. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், புகைப்பதை நிறுத்தி 7, 14, 35 நாட்கள் ஆனவர்களுக்கு இத்தகைய அடையாளங்களைக் காட்டினர். நாள் செல்லச் செல்லப் பொதுவான ஆசை குறைந்தது. அடையாளங்கள் மூட்டிய ஆசையோ கூடியது. "இனிப் பயமில்லை" என்று நாம் எண்ணும் வேளையே கவனம் வேண்டிய வேளை.

நோன்புப் பகலில் ஆசை அடங்கியிருப்பதற்கும் விளக்கமுண்டு. விமானப் பணியாளர்களிடம் செய்யப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், எத்தனை மணித்தியாலம் புகைக்காதிருந்தனர் என்பதைவிட, விமானம் இறங்க எவ்வளவு நேரமிருக்கிறது என்பதே ஆசையைத் தீர்மானித்தது. இப்போது முடியாது என்று மனம் ஏற்றுக்கொண்டால் ஆசை அடங்குகிறது. வாசல் திறக்கும் நேரம் நெருங்க அது எழுகிறது.

இடம்பெயர்ந்த நமக்கு இதில் தனிப் பாடமுண்டு. பழைய இடத்தோடு பழைய அடையாளங்கள் சில விலகின. ஆனால் முகாமில் காத்திருந்த வெறும் பொழுதுகள் புதிய அடையாளங்களைத் தந்தன. காணிக்குத் திரும்பும் நாளில் பழையவையும் நம்மை வரவேற்கின்றன.

செய்யக்கூடியவை சில. இப்தாருக்குப்பின் தேத்தண்ணியை வேறிடத்தில், புகைக்காதவர்களோடு அருந்துங்கள். மூண்ட ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். அதுவரை நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள். நிக்கொட்டின் பட்டி போன்றவை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். பட்டி பொதுவான ஆசையைக் குறைக்கும், ஆனால் அடையாளம் மூட்டும் ஆசையை முழுதாகத் தடுக்காது. பீடிக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடுவது வழியல்ல. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரங்களைத் தடைசெய்தது. அது வீதியிலிருந்த அடையாளங்களை அகற்றியது. வீட்டிலும் வாடியிலும் உள்ளவற்றை நாமே அகற்றவேண்டும்.

மனைவி, மக்களுக்கும் ஒரு சொல்: தவறி விழுந்தவரை ஏசாதீர்கள், எந்த இடத்தில் விழுந்தார் என்று கேளுங்கள். அடுத்த அறுவடைக்கு வட்டைக்குப் போகும்போது, தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும் தீப்பெட்டி புகைக்காத மகனின் கையில் இருக்கட்டும்.