பட்டாளத்தில் பணியாற்றியவருக்கு வைத்திய உதவி: யார் யாருக்கு உரியது?

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணியின் இருமருங்கிலும் உள்ள கிராமங்களில், பட்டாளத்தில் பணியாற்றித் திரும்பியவர்கள் பலர் உளர். ஊரார் அவர்கள் யாவரையும் ‘மிலிட்டரிக்காரர்’ என்ற ஒரே பெயரால் அழைக்கின்றனர். சர்க்காரின் கணக்கிலோ அவர்கள் ஒரே வகையினர் அல்லர். நோய் என்று ஒன்று வரும் வரை இவ்வேறுபாடு எவருக்கும் புலப்படுவதில்லை. இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ வந்து, பக்கத்து வீட்டு மிலிட்டரிக்காரருக்குச் செலவின்றி நடந்த சிகிச்சை தமக்கு ஏன் மறுக்கப்படுகிறது என்று ஒருவர் கேட்கும்போதுதான் அது வெளியாகிறது. அக்கேள்வி முதலில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் பஞ்சாயத்துத் தலைவரின் வீட்டுத் திண்ணையே ஆகும். ஆதலின் இவ்விஷயத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

இந்திய அரசாங்கத்தின் பாதுகாப்பு அமைச்சகம் 1-4-2003 அன்று முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தைத் தொடங்கிற்று. நம் பக்கத்தில் இது இ.சி.எச்.எஸ். என்ற எழுத்துக்களாலேயே வழங்குகிறது. அதற்கு முன்னர் ஓய்வுபெற்ற சிப்பாய் பெரிய சிகிச்சைக்கு இராணுவ மருத்துவமனையையே நாட வேண்டியிருந்தது. அவையோ திருவனந்தபுரம், வெல்லிங்டன், சென்னை போன்ற தூர இடங்களில் இருந்தன. அம்பாசமுத்திரத்துக் குடியானவர் ஒருவர் நோயுடன் அவ்வளவு தூரம் போய் வருவது எளிதன்று. புதிய திட்டத்தின்படி ஆங்காங்கே பாலிகிளினிக் என்னும் வைத்திய நிலையங்கள் நிறுவப்பட்டன. இன்று நாடெங்கும் 400-க்கு மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. திருநெல்வேலியிலும் ஒன்று உண்டு. வெளிநோயாளிக்கு மருந்தும் பரிசோதனையும் அங்கேயே கிடைக்கும். பெரிய சிகிச்சை வேண்டுமாயின், அங்குள்ள மருத்துவர் சீட்டுக் கொடுத்து, திட்டத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டுள்ள தனியார் மருத்துவமனைக்கு அனுப்புவார். நோயாளி கையிலிருந்து பணம் கட்ட வேண்டுவதில்லை. சிகிச்சைச் செலவுக்கு உச்ச வரம்பு இல்லை. சேருவதற்கு வயது வரம்பு இல்லை. முன்னரே நோய் இருந்தது என்று தள்ளுவதும் இல்லை. கம்பெனிகள் விற்கும் காப்பீட்டில் இம்மூன்றும் ஒருங்கே அமைதல் அரிது.

இவ்வளவு பெரிய உதவிக்கு உரியவர் யார்? விதி சுருக்கமானது. பாதுகாப்புத் துறையிலிருந்து பென்ஷன் பெறும் முன்னாள் படைவீரரும், குடும்பப் பென்ஷன் பெறும் அவர்தம் மனைவியரும் உரியவர். சேவைப் பென்ஷன், ஊனப் பென்ஷன், குடும்பப் பென்ஷன் ஆகிய எதுவாயினும் சரி. பென்ஷன் இல்லையேல், சில விலக்குகள் நீங்கலாக, இடமில்லை. எத்தனை போர்களில் நின்றார் என்பதையோ, இன்று எவ்வளவு வறுமையில் உழல்கிறார் என்பதையோ விதி கேட்பதில்லை.

நம் விவசாயிகளுக்கு இது விளங்காத முறையன்று. மருதூர் அணைக்கட்டின் கால்வாயில் தண்ணீர் வரும்போது, ஆயக்கட்டுப் பதிவேட்டில் உள்ள வயலுக்கே முறைத் தண்ணீர். அடுத்த வரப்பிலுள்ள நிலம் பதிவேட்டில் இல்லையெனில், பிசானப் பயிர் எவ்வளவு வாடினும் அதற்கு உரிமை இல்லை. பென்ஷன் புத்தகம் ஏறத்தாழ அத்தகைய பதிவேடு. பதிவேடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது இல்லையேல் கடைமடைக்கு ஒரு சொட்டும் எட்டாது. ஆனால் பதிவேட்டை எந்த அளவுகோலைக் கொண்டு எழுதினார்கள் என்பதே கேள்வி.

சாதாரண சிப்பாய்க்குச் சேவைப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும்; அதிகாரிக்கு 20 ஆண்டு. ஒரே ஊரிலிருந்து ஒரே நாளில் சேர்ந்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் 17 ஆண்டு பணியாற்றித் திரும்புகிறார். மற்றவர் தந்தை இறந்து, நிலத்தைப் பார்க்க ஆளின்றி, 12-ஆம் ஆண்டில் தாமே விண்ணப்பித்து விடுதலை பெற்று வருகிறார். முன்னவருக்கும் அவர் மனைவிக்கும் ஆயுள் முழுதும் வைத்தியம் உண்டு. பின்னவருக்கு ஒன்றும் இல்லை. இருவரும் ஒரே பனிமலையில் காவல் நின்றவர்களாகவும் இருக்கலாம்.

ஊனமுற்றுத் திரும்பியவர்களின் நிலை வேறு. பணியின் காரணமாக நேர்ந்த ஊனம், அல்லது பணியால் மிகுந்த ஊனம் என்று மருத்துவக் குழு கண்டு, அதன் அளவு நூற்றுக்கு 20-க்குக் குறையாதிருந்து, அதன் பொருட்டு வெளியேற்றப்பட்டால், பணி ஓராண்டே ஆயினும் ஊனப் பென்ஷன் உண்டு. அதன் வழியே வைத்திய உதவியும் உண்டு. எனவே வழக்கு முழுவதும் ‘பணியின் காரணமாக’ என்ற இரு சொற்களில் வந்து நிற்கிறது. குண்டடி பட்டவரைப் பற்றித் தகராறு இல்லை. மனநோய், வலிப்பு, நீரிழிவு போன்றவை வந்து திரும்பியவரைப் பற்றியே தகராறு. சேரும்போது உடல் நலத்துடன் இருந்தார் என்று ஏற்றுக்கொண்டவர்கள், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததன்று என்று சொல்வாராயின் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்களுடையதே என்னும் கருத்துப்பட உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் இவ்விதிகள் திருத்தி எழுதப்பட்டன. பத்தாண்டு நிறைவதற்குள் நோயால் வெளியேற்றப்பட்டு, நோய் பணியால் வந்ததன்று என்றும் முடிவாயிற்றெனில், முன்பெல்லாம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். 4-1-2019 அன்றோ அதற்குப் பின்னரோ பணியில் இருந்தவர்களுக்கு, வேறு வேலையும் செய்ய இயலாத நிலை இருப்பின் பென்ஷன் அளிக்கலாம் என்று 2020 ஜூலையில் உத்தரவாயிற்று. அத்தேதிக்கு முன் திரும்பியவர்கள் அவ்வுத்தரவுக்குப் புறம்பானவர்களாகவே நின்றுவிட்டனர்.

பதிவேடு ஒருபோதும் திருத்தப்படாதது அன்று. இரண்டாம் உலகப் போரில் 25 இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் பணிபுரிந்தனர். போர் முடிந்ததும் அவர்களில் மிகப் பலர் பென்ஷன் இன்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரை ஒட்டி அவசரமாகச் சேர்க்கப்பட்ட அதிகாரிகளும், குறுகிய காலப் பணிக்குச் சேர்ந்த அதிகாரிகளும் அவ்வாறே. 2019 மார்ச்சில் மத்திய மந்திரிசபை இவர்களுக்கும், முன்னதாக ஓய்வுபெற்ற சிலருக்கும் இத்திட்டத்தைத் திறந்துவிட்டது. நியாயமான செயல், ஆனால் காலம் கடந்த செயல். 1945-இல் 18 வயதில் போர் முடியக் கண்ட சிப்பாய்க்கு 2019-இல் வயது 92. மருந்து அவரைத் தேடி வந்தபோது அவருடன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எஞ்சியிருந்திருப்பர்?

2025 ஆகஸ்டில் மற்றொரு வாயிலும் திறந்தது. அதிகாரிப் பயிற்சிக் கல்லூரிகளில் பயிற்சியின்போது உடல் சிதைந்து திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்கள், அதுகாறும் ‘படைவீரர்’ என்றே கருதப்படவில்லை. பயிற்சி முடியவில்லை என்பது காரணம். உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விஷயத்தைக் கையிலெடுத்த பின்னர், சந்தா இன்றி அவர்களுக்கு இத்திட்டத்தில் இடம் அளிக்கப்பட்டது. ஒரு நாள் சேவைப் பென்ஷன்கூட ஈட்டாதவர்கள், பட்ட காயத்தின் பேரில் உள்ளே வந்தனர். இது சிறிய எண்ணிக்கையே எனினும், அளவுகோல் மாறியதைக் காட்டுவதால் இதனை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஏனெனில் அடுத்து வரும் கேள்வி பெரியது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேரும் இளைஞர்களுக்குப் பணி நான்கே ஆண்டு. அவர்களில் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 71 ஆயிரம் ரூபாய் சேவா நிதியுடன் திரும்புவர் என்பது அறிவிப்பு. அவர்களுக்குப் பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை. பணியால் ஊனமுற்றால், ஊனத்தின் அளவுக்கேற்ப ஒரு தொகை உண்டு. நம் மாவட்டத்து இளைஞர்களும் விடியற்காலையில் ஆற்றங்கரைச் சாலையில் ஓடிப் பழகி இப்பணிக்குப் போகின்றனர். அவர்களைப் பெற்றவர்கள் இந்நிபந்தனைகளை அறிந்துகொண்டு அனுப்புதல் நலம்.

எனது எண்ணத்தை ஒளிக்காமல் கூறுவதாயின் இது: காயமோ நோயோ பணியால் வந்ததாயின், அதற்குரிய வைத்தியம் ஆண்டுக் கணக்கைப் பாராமல் ஆயுள் முழுதும் அளிக்கப்படவேண்டும். நான்கு ஆண்டுச் சிப்பாயின் முழங்காலும் இருபது ஆண்டுச் சிப்பாயின் முழங்காலும் ஒரே விதமாகத்தான் வலிக்கும். கையில் கொடுக்கும் தொகை இதற்கு ஈடாகாது. பணம் கடனுக்கும் தங்கை கலியாணத்துக்கும் போய்விடும், வலி இருபது ஆண்டுக்குப் பின்னும் நிற்கும். அடுத்தபடியாக, போர்க்களத்தில் நின்றவர்களுக்கு இடம் வேண்டும். ஆனால் நலமுடன் சிறிது காலம் பணிசெய்து, தாமே விரும்பி விலகி, வேறு தொழிலில் நன்றாக வாழ்பவர்க்கு முழு உதவியும் இலவசமாக வேண்டும் என்று வாதிட எனக்கு மனமில்லை. அவர்களைக் கூடுதல் சந்தாவின் பேரில் சேர்த்துக்கொள்ளலாம். திட்டத்தில் ஏற்கெனவே 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பயன்பெறுகின்றனர். மருத்துவமனைகளுக்குச் சேரவேண்டிய பில் தொகை தேங்கி, அதனால் நோயாளிகள் அல்லல்பட்டதும் உண்டு. எல்லாரையும் ஏற்றி ஓடம் கவிழ்வதில் எவருக்கும் இலாபமில்லை.

பிற நாடுகளில் எல்லையை வேறுவிதமாக வகுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1980 செப்டம்பருக்குப் பின் சேர்ந்த சிப்பாய் பொதுவாக 24 மாதம் பணி செய்திருந்தால் போதும். பணியால் ஊனமுற்றவர்க்கு அந்த 24 மாதமும் வேண்டியதில்லை. தகுதி பெற்றவர்களையும் ஊனத்தின் அளவு, வருமானம் முதலியவற்றைக் கொண்டு எட்டு வரிசைகளாகப் பிரித்து, முன்வரிசைக்கு முதலிடம் தருகின்றனர். பிரிட்டனில் குடிமக்கள் யாவர்க்கும் பொது வைத்தியம் உண்டாதலால் இக்கேள்வியின் கடுமையே குறைந்துவிடுகிறது. நம் முன்னோரும் இதனை எண்ணாமல் இல்லை. போரில் வீழ்ந்த வீரனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டதைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. அங்கும் அளவுகோல் சிந்திய உதிரமே.

இனி, உரிமை இருந்தும் பெறாதவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். 1-4-2003-க்குப் பின் ஓய்வுபெற்றவர்கள் கட்டாயமாகச் சேர்க்கப்படுகின்றனர். அதற்கு முன் வந்தவர்கள் தாமே விண்ணப்பிக்கவேண்டும். சந்தா ஒரே முறை செலுத்துவது. 2017 டிசம்பர் உத்தரவின்படி ஹவில்தார் வரையுள்ளவர்க்கு 30,000 ரூபாய், சுபேதார் மேஜர் வரை 67,000 ரூபாய், அதிகாரிக்கு 1,20,000 ரூபாய். இத்தொகையைக் கேட்டு மலைத்து முதியவர்கள் பின்வாங்குவதுண்டு. 1-1-1996-க்கு முன் ஓய்வுபெற்றவர்களும், போரில் கணவரை இழந்த விதவையரும் ஒரு காசும் செலுத்த வேண்டியதில்லை என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. 1971-ஆம் ஆண்டுப் போரில் பங்குகொண்டு 1985-இல் பென்ஷனுடன் வந்தவர் இவ்விலக்குக்கு உரியவர். கணவர் திட்டத்தில் சேராமலே இறந்திருப்பினும், குடும்பப் பென்ஷன் பெறும் மனைவி தாமே சேரலாம்.

குடும்பத்தாரில் மனைவி, 25 வயதுக்குட்பட்ட மணமாகாத வேலையற்ற மகன், மணமாகாத மகள், அண்டிவாழும் பெற்றோர் ஆகியோர்க்கு இடமுண்டு. மனைவி நீங்கலாக மற்றவர்க்கு மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய பஞ்சப்படியும் சேர்ந்த தொகைக்கு உட்பட்டிருக்கவேண்டும். ஊனமுற்ற பிள்ளைக்கு வயது எல்லை இல்லை.

விண்ணப்பங்கள் தடைப்படுவது பெரும்பாலும் பெயரில்தான். இராணுவ ஏட்டில் ‘இசக்கி’ என்றிருக்கும். ஆதாரில் ‘இசக்கியம்மாள்’ என்றிருக்கும். விடுமுறையில் வந்து நடந்த கலியாணம் படைப்பிரிவின் பதிவுக்கு எட்டியே இராது. இவற்றை ரிக்கார்டு அலுவலகத்துக்கு எழுதித் திருத்த மாதங்கள் ஆகும். கணவர் உயிருடன் இருக்கும்போதே செய்தால் அவர் கையொப்பம் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். பின்னர் விதவை தனியே அலைய வேண்டிவரும். கிராம சபை கூடும் நாளில் ஊரிலுள்ள முன்னாள் படைவீரர், விதவையர் ஆகியோரின் பெயர்களை எழுதி, பென்ஷன் உத்தரவும் டிஸ்சார்ஜ் புத்தகமும் ஆதாரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து வைப்பது பஞ்சாயத்துக்குச் செலவில்லாத பணி.

பென்ஷன் இல்லாதவர்களை வெறுங்கையுடன் அனுப்ப வேண்டியதில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டதாயின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவர்களும் சேரலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவமனையிலும் அதன்படி சிகிச்சை பெறலாம். இருதய அறுவை, புற்றுநோய், சிறுநீரகச் சுத்திகரிப்பு போன்ற பெருநோய்களுக்கு, பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கென்றே கேந்திரிய சைனிக் போர்டு பண உதவி அளிக்கிறது. 65 வயதைக் கடந்த, வருமானமற்ற, ஹவில்தார் வரையுள்ள பென்ஷன் இல்லாதவர்க்கு அளிக்கப்படும் வறுமை மானியம் 2025-இல் மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவற்றுக்கெல்லாம் வழி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமே. தாமிரபரணி ஒன்றாயினும் மாவட்டம் ஒன்றன்று. ஸ்ரீவைகுண்டத்துக்காரர் தூத்துக்குடி அலுவலகத்துக்கும், 2019-இல் பிரிந்த தென்காசி மாவட்டத்தார் தம் மாவட்டத்துக்குரிய அலுவலகத்துக்கும் செல்லவேண்டும்.

அட்டை பெற்றவர்கள் ஒன்றை நினைவில் கொள்க. பாபநாசத்திலிருந்து திருநெல்வேலிப் பாலிகிளினிக் 45 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நள்ளிரவில் மார்வலி வந்தால் சீட்டு வாங்கப் போக முடியாது. உயிருக்கு ஆபத்தான வேளையில் அருகிலுள்ள எந்த மருத்துவமனையிலும் சேரலாம். ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையாயின் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குச் செய்தி சொல்லிவிடவேண்டும். இல்லையேல் செலவுத் தொகையைத் திரும்பப் பெறுவது கடினம். பாலிகிளினிக்கின் தொலைபேசி எண்ணை பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைத்தால், வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவள் மட்டும் இருக்கும்போதும் அண்டை வீட்டார் பார்த்துச் சொல்ல உதவும்.