மின்னழுத்தங் காக்கும் இரு கருவிகள்

மின்கம்பியின் கடைக்கோடியில் அமைந்த வீடுகளில் அந்திப்பொழுதில் விளக்கு மங்குதலும், ஊர் உறங்கியபின் அது மீண்டும் பொலிதலும் பலரும் கண்டனவே. இலங்கையில் வீடுகளுக்குரிய அழுத்தம் 230 வோல்ற்று. அது 184 ஆகத் தாழுமாயின், நீர் சூடாக்குங் கருவியின் வலு 36 சதவீதங் குறையும். வலுவானது அழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுதலே இதற்குக் காரணம். ஆயினும் கேடொன்றுமில்லை, நீர் கொதிக்கத் தாமதமாகும், அவ்வளவே. குளிர்சாதனப் பெட்டியின் மோட்டரோ அத்தகையதன்று. தாழ்ந்த அழுத்தத்தில் அது சுழலத் தொடங்கமாட்டாது திணறி, மிகுந்த ஓட்டத்தை இழுக்கும். அதனாற் சுருள் கருகுதலும் உண்டு.

இதனைத் தடுக்கவே ஸ்ரெபிலைசர் எனும் உறுதியாக்கி வாங்கப்படுகின்றது. றெகுலேற்றர் எனும் ஒழுங்காக்கியும் அதுவும் ஒன்றே என்பாருளர். நூல்களிலும் இப்பெயர்கள் மயங்கி வருதலுண்டு. எனினும் வழக்கில் இவை குறிக்குங் கருவிகள் இடத்தாலுந் தொழிலாலும் வேறானவை.

மின்பிறப்பாக்கியோடு இணைந்த ஒழுங்காக்கி, வெளிவரும் அழுத்தத்தை இடையறாது அளந்து, குறித்தவோர் அளவோடு ஒப்பிடும். வேறுபாடு தோன்றின், புலச்சுருளிற் பாயும் ஓட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ திருத்தும். குறை பிறக்குமிடத்திலேயே களையப்படுகின்றது. இலத்திரனியற் கருவிகளின் உள்ளேயும் இவ்வினத்தன உள. 7805 என்னும் மூன்றுகாற் சில்லு 12 வோல்ற்றைப் பெற்று 5 வோல்ற்றை வழங்குகையில், எஞ்சிய 7 வோல்ற்றும் வெப்பமாகவே கழியும். ஓட்டம் 1 அம்பியராயின் அவ்வெப்பம் 7 வாற்று. உலோகத் தகடின்றி அச்சில்லு அதனைத் தாங்காது.

உறுதியாக்கியோ வந்த மின்னை ஏற்றுக்கொண்டு திருத்துவது. அதனுள்ளே பல கிளைமுனைகளையுடைய நிலைமாற்றி ஒன்றுளது. அழுத்தந் தாழின் ஒரு முனையையும் உயரின் மற்றொன்றையும் றிலே எனும் ஆளி தெரிந்து இணைக்கும். அப்போது எழும் ‘டக்’ என்னும் ஒலி வீட்டார்க்குப் பழக்கமானதே. படிபடியாக நிகழ்வதாதலின் இத்திருத்தம் நுண்மையானதன்று. குளிர்சாதனப் பெட்டிக்கு அதுவே போதும். மோட்டரால் நகருந் தூரிகையுடைய வகை இன்னுஞ் சீராகத் திருத்தும், விலையும் மிகுதி.

ஈண்டு மறக்கப்படுவதொன்றுளது. உறுதியாக்கி இல்லாத வலுவைப் படைப்பதில்லை. 176 வோல்ற்றைப் பெற்று 220 வோல்ற்றில் 5 அம்பியர் வழங்கவேண்டின், தன் இழப்பை நீக்கியே கணித்தாலும், அது கம்பியிலிருந்து 6.25 அம்பியர் இழுத்தாகவேண்டும். நேரே இணைத்த விளக்கு, அழுத்தந் தாழுந்தோறும் குறைவாகவே இழுக்கும். இதுவோ மிகுதியாக இழுக்கும். ஒரு தெருவிற் பல வீடுகள் இதனைப் பூட்டினால், கம்பியின் அழுத்தம் மேலுந் தாழும். உறுதியாக்கி வாங்க வசதியற்ற அயல்வீட்டின் விளக்கே முன்னிலும் மங்கும். அவ்வீட்டின் குறை தீர, தடித்த கம்பி இடுதலோ, நிலைமாற்றியை அண்மையில் நிறுவுதலோ வேண்டும்.